ஃபைபர் பேனல் பொருந்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கிட் காரின், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்கிற காரின், சேஸிஸ் (அடிச்சட்டம்) தயாராகிவிட்டது. எஞ்சின் இறங்கிவிட்டது, சக்கரமும் மாட்டியாயிற்று. இனி ஃபைபர் பேனல்களை, அதாவது கண்ணாடி இழையால் வார்த்த உடல் துண்டுகளை, எடுத்து வைத்து நாலு போல்ட் முடுக்கினால் கார் ரெடி என்று ஒரு சனிக்கிழமை காலையில் தோன்றும். என்னுடைய அந்தச் சனிக்கிழமை முடிய ஏழு மாதம் ஆயிற்று.

பேனல் கோணலாக வந்துவிட்டது என்று முதலில் அதை வார்த்தவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததில், பெரும்பாலான கோளாறு நான் மாட்டிய வரிசையிலும் போல்ட்டை முடுக்கிய முரட்டுத்தனத்திலும் இருந்தது. தகரத்தை இழுத்து வளைத்தால் வளைந்த இடத்தில் அடங்கிக் கிடக்கும். ஃபைபர் அன்றைக்கு மட்டும் வளைந்து கொடுத்ததுபோல் இருக்கும். மூன்று மாதம் கழித்து விரிசலாகத் திருப்பித் தரும். பேனல் தன் இடத்தில் தானாக உட்கார வேண்டும், போல்ட் அதைப் பிடித்து மட்டும் வைத்திருக்க வேண்டும். கீழே வருகிற தீர்வுகள் எல்லாமே சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

உங்கள் காரில் தெரிகிற அறிகுறிக்கு நேரே போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்

கார் தன் சொந்தச் சக்கரத்தில், சமதரையில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்தபடி பேனல் மாட்டினால் சேஸிஸ் ஒரு விதமாகத் தொங்கும், இறக்கியபின் வேறு விதமாக உட்காரும். எஞ்சின், கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாம் உள்ளே இருக்கட்டும். இன்னும் வாங்காத பொருளுக்கு அதே எடையில் மணல் மூட்டை வையுங்கள். ஓட்டுகிறவர் இருக்கையிலும் ஒரு மூட்டை.

அடுத்து குறுக்களவு. சேஸிஸின் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் நான் மேலே போவேன். அதற்கு மேல் என்றால் கோளாறு சேஸிஸில். பேனலைத் தொடவே வேண்டாம். அப்படியே சேஸிஸின் நடுவை முன்னும் பின்னும் குறித்து, தூக்குக்குண்டு விட்டு, தரையில் ஒரு நடுக்கோடு போட்டுவிடுங்கள். பிற்பாடு ஹெட்லைட் வரைக்கும் அந்தக் கோடு உதவும்.

பேனல்களைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். அச்சிலிருந்து எடுத்த பிறகும் ரெசின் (இழைகளைப் பிணைக்கும் பிசின்) பல நாள் மெதுவாக இறுகிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் எப்படிக் கிடந்ததோ அதுவே அதன் வடிவமாகிவிடும். சேஸிஸ் மேலேயே, அதனதன் இடத்தில், மேலே பாரம் எதுவும் வைக்காமல் கிடக்க விடுவது உத்தமம்.

எல்லாப் பேனலையும் டேப், கிளாம்ப் போட்டு ஒரே சமயத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் துளை. வரிசை: முதலில் நடு உடல், பிறகு கதவுகள், பிறகு பானெட், டிக்கி, கடைசியாக மட்கார்டு. கதவு கீலுக்குக் கட்டுப்பட்டது, நகர அதிக இடமில்லை. மட்கார்டை எப்படியும் நகர்த்திக்கொள்ளலாம். மட்கார்டிலிருந்து ஆரம்பித்தவர் கதவில் வந்து மாட்டிக்கொள்வார்.

அப்புறம், தூசி. ஃபைபரை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். முடிந்த இடத்தில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஒரு நாள் அரைக்கைச் சட்டையோடு தேய்த்துவிட்டு இரவெல்லாம் முழங்கையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பேனல் மூன்று மூலையில் உட்காருகிறது, நான்காவது ஆடுகிறது

முறுக்கம் பேனலிலா, சேஸிஸிலா என்று தெரியாமல் எதையும் செய்யக்கூடாது. தச்சர்கள் பலகையின் முறுக்கத்தைப் பார்க்கிற முறையே இதற்கும் போதும். நேரான இரண்டு மர ரிப்பர்களை எடுத்து, ஒன்றை சேஸிஸின் முன்பக்கம் குறுக்காகவும் மற்றொன்றைப் பின்பக்கம் குறுக்காகவும் வையுங்கள். முன்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன் ரிப்பரின் மேல்விளிம்புக்கு நேராகப் பின் ரிப்பரைப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று இணையாகத் தெரிந்தால் சேஸிஸ் நேர். பேனலைத் தனியே வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். எது முறுக்கியிருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இடைவெளி 3 மி.மீ.க்குள் என்றால் அந்த மூலையின் அடியில் ரப்பர் வாஷரோ தகடோ வைத்து நிரப்பிவிடுங்கள். அதற்கு அதிகம் பாடுபடத் தேவையில்லை.

10 மி.மீ. வரை என்றால் சூடு. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். பேனலை வெயிலில் போட்டோ, ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிக் காட்டியோ, கை வைத்தால் உடனே எடுத்துவிடுகிற அளவுக்குச் சூடாக்குங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக, தேவையானதைவிடச் சற்று அதிகமாக முறுக்கி, மூட்டை வைத்து, இரவு முழுக்க ஆற விடுங்கள். ஆறும் முன் எடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடும். முதல் தடவையில் பாதிதான் வரும், மறுநாள் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

அதற்கும் வராத பேனலில் விளிம்பைப் பாருங்கள். உள்பக்கமாக மடிந்த ஓர் உதடு இருக்கும். முறுக்கத்தைப் பூட்டி வைத்திருப்பது பெரும்பாலும் அந்த மடிப்புதான். 15 செ.மீ.க்கு ஒரு வெட்டு வீதம், மடிப்பில் மட்டும், ஆக்ஸா பிளேடால் வெட்டிவிட்டால் பேனல் மூச்சு விட்டதுபோல் தளர்ந்து தன் இடத்தில் படியும். படிந்த நிலையில் கிளாம்ப் போட்டு, வெட்டுகளின் மேல் உள்ளிருந்து இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினில் நனைத்து ஒட்டிவிடுங்கள்.

கதவைச் சுற்றி இடைவெளி ஒரே மாதிரி இல்லை

இந்த ஒரு அறிகுறியிலேயே பாதி வேலை நேரம் போகும். முதலில் பூட்டையும் ரப்பர் பீடிங்கையும் கழற்றி வையுங்கள். அவை இரண்டும் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எது கீலின் தப்பு, எது ரப்பரின் தப்பு என்று பிரிக்க முடியாது.

இப்போது கதவை மூடி, பூட்டு இருக்கும் பக்கத்து இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் கதவின் பின்பக்கம் தொங்குகிறது. மேலே விரிந்து, கீழே குறுகியிருந்தால் தேவைக்கு மேல் தூக்கி நிற்கிறது. கீல், கதவுத் தூணின் பின்முகத்தில் போல்ட் ஆகிற அமைப்பு என்றால் தொங்கும் கதவுக்கு மருந்து கீழ்க் கீலில் இருக்கிறது: அதற்கும் தூணுக்கும் நடுவில் தகடு வைத்தால் கதவின் அடி பின்னால் நகர்ந்து, பூட்டுப் பக்கம் எழும்பும். கீல்களுக்கு நடுவே 40 செ.மீ., கதவின் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 1 மி.மீ. தகடு பூட்டுப் பக்கத்தை 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே தூக்கிவிடும். எனவே தடித்த தகட்டோடு ஆரம்பிக்காதீர்கள். தூக்கி நிற்கும் கதவுக்கு இதே தகடு மேல் கீலில்.

தகடு வைத்துச் சரியான கதவு இரண்டே நாளில் மறுபடி தொங்கினால் கீல் எதில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வெறும் ஃபைபரில் பிடித்த கீல் நிற்காது. 1957-ல் காட்சிக்கு வந்த லோட்டஸ் எலீட் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் தனி சேஸிஸே கிடையாது, உடல் மொத்தமும் ஃபைபர். அதிலேயே முன்கண்ணாடியைச் சுற்றி ஒரு இரும்புச் சட்டத்தைப் புதைத்து, கதவுக் கீலை அதில்தான் மாட்டினார்கள். உங்கள் கிட்டில் தூணுக்குள் இரும்பு இல்லையென்றால், குறைந்தது 4 மி.மீ. தகடு ஒன்றை உள்ளே வைத்து சேஸிஸோடு இணைத்துவிடுங்கள்.

இடைவெளி சரி, ஆனால் கதவின் கீழ்மூலை மட்டும் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால் கதவே முறுக்கியிருக்கிறது. இரும்புக் கதவில் மேலே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, கீழே முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினால் வேலை முடிந்துவிடும். ஃபைபரில் அந்த வித்தை வேண்டாம். பல கிட்டுகளில் கதவின் வெளித்தோலும் உள்தோலும் தனித்தனியாக வரும். இன்னும் ஒட்டவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: வெளித்தோலை உடலோடு மட்டமாக டேப் போட்டுப் பிடித்து, உள்தோலைக் கீலில் மாட்டி, கதவு தன் இடத்தில் மூடியிருக்கும்போதே இரண்டையும் ஒட்டிவிடுங்கள். மேசை மேல் வைத்து ஒட்டிய கதவு மேசைக்குத்தான் பொருந்தும்.

கீல் வேலை எல்லாம் முடிந்தபின் மிஞ்சுகிற ஏற்றத்தாழ்வை விளிம்பில் சரி செய்யலாம். 4 முதல் 5 மி.மீ. சீரான இடைவெளி போதும். அதற்கும் குறைவாக வைத்தால் பெயின்ட் ஏறியபின் விளிம்பும் விளிம்பும் உரசும். இடைவெளி குறுகிய இடத்தில் அரம். விரிந்த இடத்தில் விளிம்பை வளர்க்க வேண்டும்: பக்கத்துப் பேனலின் விளிம்பை பிரவுன் பேக்கிங் டேப்பால் சுற்றிவிடுங்கள், ரெசின் அதில் ஒட்டாது. கதவு விளிம்பின் ஜெல்கோட்டை (பேனலின் வழவழப்பான வெளிப்பூச்சை) தேய்த்து எடுத்துவிட்டு, துண்டு துண்டாக நறுக்கிய மேட் கலந்த ரெசினை அப்புங்கள். 4 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் பட்டையை நடுவில் வைத்துக் கதவை மூடி, இறுகியபின் திறந்து தேய்த்துக்கொள்ளலாம். வெறும் பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசையால்) விளிம்பை வளர்க்காதீர்கள். கதவை நாலு முறை ஓங்கிச் சாத்தினால் பட்டி பிஸ்கட் மாதிரி உதிரும்.

கடைசியில் ரப்பரை மாட்டிவிட்டு மறுபடி பாருங்கள். நான் இதை மறந்துவிட்டுப் பெயின்ட் வரைக்கும் போய்விட்டேன். ரப்பர் மாட்டிய அன்று இரண்டு கதவின் பின்விளிம்பும் 6 மி.மீ. வெளியே நின்றன.

போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல்

டார்ச்சைப் பேனலோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால்தான் ஆரம்ப விரிசல் தெரியும். என் பானெட்டில் முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. துடைக்கும்போது ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் நகம் ஏதோ மயிரிழையில் இடறியது. அழுத்தித் துடைத்தேன், அழுக்கு போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வாஷரைச் சுற்றி ஏழெட்டுக் கோடுகள், சிலந்தி அப்போதுதான் வலை பின்ன ஆரம்பித்ததுபோல். மூன்று மாதம் முன்பு அந்த மூலை 5 மி.மீ. தூக்கி நின்றது. நான்தான் ஸ்பேனரைப் போட்டு இறக்கினேன். சுற்றச் சுற்ற பானெட் கீழே வந்தது, எனக்கு ஒரே மகிழ்ச்சி. கடைசிச் சுற்றில் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த அப்பளத்தை ஓரத்தில் ஒடித்தால் வருமே, அந்த அளவுக்கு. கேட்டும் கேட்காததுபோல் அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டேன்.

விரிசலின் வடிவம் காரணத்தைச் சொல்லும். போல்ட்டைச் சுற்றி இருந்தால் முடுக்கியது அதிகம், அல்லது துளை இறுக்கம். போல்ட்டே இல்லாத இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து கதிர்கதிராகப் பிரிந்தால் பின்னாலிருந்து ஏதோ இடித்திருக்கிறது. அடியில் ஏதாவது பிராக்கெட்டோ போல்ட் முனையோ தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு வளைவை ஒட்டி இணையான கோடுகள் என்றால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. அதற்கு உள்ளே பலம் சேர்க்க வேண்டும்.

சரி செய்ய: போல்ட்டைக் கழற்றுங்கள். ஒவ்வொரு விரிசலையும் அரத்தின் மூலையாலோ சின்ன கிரைண்டராலோ வி வடிவப் பள்ளமாகத் திறங்கள், விரிசலின் அடி முடியும் வரை. மேலே ஜெல்கோட்டை மட்டும் பூசி மூடினால் அதே கோடுகள் அதே இடத்தில் திரும்ப வரும். பின்பக்கம் ஒரு கையகலத்துக்குத் தேய்த்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு வையுங்கள். அது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன் தரும். இறுகியபின் முன்பக்கப் பள்ளத்தை ஜெல்கோட்டால் நிரப்பித் தேயுங்கள்.

பிறகு துளையைப் புதிதாகப் போட வேண்டும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. துளை. இது ஏன் என்றால் ஃபைபர், இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேலேயே சூட்டில் நீளும். 2 மீட்டர் நீளப் பேனல், 40 டிகிரி வெப்ப மாற்றம் என்றால் பேனல் சுமார் 2.4 மி.மீ. நீளும், அடியில் இருக்கும் இரும்பு 1 மி.மீ.கூட நீளாது. மிச்சத்துக்குப் போக இடமில்லையென்றால் அது விரிசலாக வெளியே வரும். ஒரு போல்ட்டை மட்டும் அதன் இடத்தில் நிலையாக வைத்து, மற்றவற்றுக்கு நகர இடம் கொடுங்கள். துளை, விளிம்பிலிருந்து போல்ட்டின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி இருக்கட்டும்.

துளை போடும் கை: ஜெல்கோட் பக்கத்திலிருந்தே ஆரம்பியுங்கள், மேலே மாஸ்கிங் டேப், அடியில் மரக்கட்டை. முதலில் டிரில்லைத் தலைகீழ்ச் சுற்றில் ஓட்டினால் பிட் கடிக்காமல் ஜெல்கோட்டை மெல்லச் சுரண்டிக்கொண்டு இறங்கும். வெள்ளைத் தூள் நிறம் மாறியதும் நேர்ச் சுற்றுக்கு மாற்றுங்கள். தலை உள்ளே புதைகிற கூம்பு ஸ்க்ரூ வேண்டாம், அது ஆப்பு மாதிரி பிளக்கும். 25 மி.மீ. அகல வாஷர், அதன் அடியில் ரப்பர், பின்னால் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகத் தளராத நட்டு). முடுக்கியபின் வாஷரை விரலால் அழுத்தித் திருப்பினால் கொஞ்சம் முரண்டு பிடித்துத் திரும்ப வேண்டும். திரும்பவே மறுத்தால் அரைச் சுற்று தளர்த்துங்கள்.

வேகம் எடுத்ததும் பானெட் படபடக்கிறது

நிற்கும்போது பானெட்டின் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். டப்பா மூடிபோல் உள்ளே போய் டொக்கென்று வெளியே வந்தால் மெலிவுதான் காரணம். உடனே உள்ளே இன்னும் இரண்டு அடுக்கு மேட் ஒட்டத் தோன்றும். 3 மி.மீ. பேனலை 4 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரண்டேகால் மடங்குக்கு மேல் கூடும்தான், ஆனால் எடையும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உள்பக்கம் முதுகெலும்புபோல் இரண்டு மூன்று விலா வைத்தால் அதே எடையில் பல மடங்கு விறைப்பு கிடைக்கும்.

விலாவுக்கு உள்ளீடாக பாலியூரிதேன் ஃபோம் பட்டை, அல்லது நெடுக்கில் பிளந்த அட்டைக் குழாய் எதுவும் சரி. அது வடிவத்துக்குத்தான், பலம் மேலே ஒட்டும் மேட்டில் இருக்கிறது. தெர்மோகோல் மட்டும் வேண்டாம். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். நான் ஆசையாக அறுத்து வைத்த விலா, ரெசின் தடவிய சில நிமிடங்களில் கண் முன்னாலேயே கூழாகிவிட்டது.

விலாவை ஒட்டும்போது அவசரப்பட்டால் அதன் கோடு பானெட்டின் வெளியே தெரியும். ரெசின் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். ஒரே மூச்சில் நாலு அடுக்கு வைத்தால் சூடும் சுருக்கமும் சேர்ந்து மேற்பரப்பை உள்ளே இழுத்துவிடும். அதனால் ஒரு அடுக்கு, இறுக விடுங்கள், அப்புறம் அடுத்தது. விலாவின் இரு ஓரத்திலும் பட்டியால் சின்னச் சரிவு கொடுத்தால் மேட் மடிந்து காற்று அடைபடாது.

படபடப்பு நடுவில் இல்லாமல் முன்விளிம்பில் மட்டும் என்றால் விலா வேண்டாம். தாழ்ப்பாளையும் ரப்பர் தாங்கிகளையும் சரிபாருங்கள். காற்று அடியில் புகுந்து தூக்குகிறது.

ஒட்டிய ஒட்டு தோல் உரிந்ததுபோல் அப்படியே கழன்று வருகிறது

கழன்ற துண்டின் அடியைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் பழைய பரப்பைச் சரியாகத் தேய்க்கவில்லை. இறுகிய பாலியெஸ்டர் மேல் புது ரெசின் வேதிமுறையில் பெரிதாகச் சேராது, சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். முதலில் அசிடோனால் துடையுங்கள், பிறகு 40 முதல் 60 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேயுங்கள். வரிசை மாறினால் மேலிருக்கும் மெழுகைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகிவிடும். உடைந்த விளிம்பை இணைக்கும்போது தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் சீவுங்கள், 3 மி.மீ. பேனல் என்றால் 36 மி.மீ. சரிவு.

எபாக்சி இன்னும் நன்றாக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்சியில் அது கரையாமல் விறைப்பாகவே கிடக்கும், வளைவில் படியாது. எபாக்சி என்றால் நெய்த துணி வாங்குங்கள். எபாக்சி மேல் பிற்பாடு பாலியெஸ்டர் ஜெல்கோட் பூசுகிற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், நிற்காது.

ரெசின் இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது

பயப்படும் முன் அசிடோன் தோய்த்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். மேலே பிசுபிசுப்பு போய் அடியில் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டி என்றால் கோளாறே இல்லை. காற்று படும் பரப்பு முழுதாக இறுகாமல் இருப்பது இந்த ரெசினின் சுபாவம். அடுத்த அடுக்கு அதில் நன்றாகப் பிடிக்கும் என்பதால் அது நல்லதும்கூட. கடைசி அடுக்கு காய வேண்டுமென்றால் மெழுகு கலந்த ரெசின் பூச வேண்டும்.

மொத்தமும் ரப்பர்போல் வளைந்து, வாசனையும் குறையவில்லை என்றால் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) அளவு தப்பு, அல்லது குளிர். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம், தராசில் நிறுத்துப் போடுங்கள்; மூடியால் அளப்பது சூதாட்டம். 15 டிகிரிக்குக் கீழே வேலை செய்யவே வேண்டாம். 40, 50 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள், தேறினால் தேறும். தேறாவிட்டால் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். மேலே ஹார்டனரைத் தடவுவதால் எதுவும் நடக்காது.

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். இறுகும் வேகத்தைக் கூட்டுகிற கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கியிருந்தால் அதையும் ஹார்டனரையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் ஹார்டனர்.

இரண்டு பேனல் சேரும் கோட்டில் பட்டி விரிகிறது

எத்தனை முறை பட்டி பார்த்தாலும் விரியும். இரண்டு பேனலும் தனித்தனியாக அசைகின்றன. ஒன்று, இரண்டையும் உள்ளிருந்து மேட் போட்டு ஒரே துண்டாக்கிவிடுங்கள். அல்லது கோட்டைக் கோடாகவே விட்டு, நடுவில் பீடிங் வைத்து அழகாக்குங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், நாளைக்கு ஒரு மட்கார்டு உடைந்தால் கழற்ற முடியும்.

பெயின்டில் ஊசித் துளைகள், அல்லது மேட்டின் இழை தெரிகிறது

ஊசித் துளை மேல் பிரைமர் அடித்தால் துளையின் வாயில் பாலம் கட்டும், வெயிலில் காற்று விரிந்து மறுபடி திறக்கும். ஒவ்வொன்றையும் ஊசியால் அகலப்படுத்தி, மெல்லிய பட்டியை அழுத்தி உள்ளே திணியுங்கள். அலுப்பான வேலை, வேறு வழியில்லை.

இழை தெரிவதற்குக் காரணம் பொறுமையின்மை. பேனல் முழுதாக இறுகும் முன் பெயின்ட் அடித்தாயிற்று. பெயின்டுக்கு முன்பே காரைச் சில வாரம் வெயிலில் நிற்க விடுங்கள். சுருங்க வேண்டியது சுருங்கட்டும், பிறகு தேய்த்து அடியுங்கள். அடர்ந்த கருப்பு வேண்டாம் என்றும் சொல்வேன். வெயிலில் அதிகம் சூடாவதும் அதுதான், ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

ஹெட்லைட் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை

கையால் செய்த அச்சு இடமும் வலமும் ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேனல் விளிம்பிலிருந்து அளக்காமல், தரையிலிருந்து உயரத்தையும் முதலில் போட்ட நடுக்கோட்டிலிருந்து தூரத்தையும் அளந்து குறியுங்கள். அப்புறம் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். டேப் சரி என்கிறது, கண் இல்லை என்கிறது என்றால் 2, 3 மி.மீ. கண் சொல்கிற பக்கம் நகர்த்துங்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறது

இதற்குப் பேனலை மாட்டிய விதமே காரணமாக இருக்கலாம். இரும்புக் காரில் விளக்கின் எர்த், உடல் வழியாகவே திரும்பிவிடும். ஃபைபரில் மின்சாரம் போகாது. எர்த் கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும், அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று மங்கலாக எரிகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய சேஸிஸில் பிடித்துவிடுங்கள். பெட்ரோல் ஊற்றும் வாயின் உலோகக் கழுத்துக்கும் ஒரு வயர் கட்டாயம். நிலைமின்சாரம் சேர்ந்து பெட்ரோல் ஊற்றும்போது பொறி பறந்தால் விளையாட்டில்லை.

ரேடியோவுக்கு இது லாபம். ஃபைபர் அலையைத் தடுக்காது என்பதால் 1953-ல் வந்த ஃபைபர் உடல் காரான முதல் ஷெவர்லே கார்வெட்டில் ஆன்டெனாவை டிக்கி மூடிக்குள்ளேயே புதைத்திருந்தார்கள்.

மட்கார்டில் டயர் உரசுகிறது, சைலன்சர் பக்கம் பேனல் கொப்பளிக்கிறது

உரசலை நிறுத்தி வைத்து அளந்தால் பிடிபடாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் அடியில் ஜாக் வைத்து, ஸ்பிரிங் அமுங்கும் வரை தூக்குங்கள். அந்த நிலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் தாராளமாகப் போக வேண்டும். உரசிய இடம் தெரியாவிட்டால் டயரில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்து மட்கார்டின் உள்ளே பாருங்கள்.

கொப்புளம் வந்த இடத்தைச் சுற்றி நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்பது நல்ல இடம், மந்தமாகக் கேட்பது அடுக்குகள் பிரிந்த இடம். மந்தச் சத்தம் முடிகிற எல்லை வரை பென்சிலால் கோடு போட்டு, அதற்குள் இருப்பதை முழுதும் வெட்டி எடுத்துப் புது மேட் வையுங்கள். மாட்டும் முன் சைலன்சருக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் காற்று ஓடுகிற மாதிரி இடைவெளி விட்டு. தகட்டைப் பேனலோடு ஒட்டிப் பிடித்தால் அது சூட்டைக் கொண்டுபோய் அதே இடத்தில்தான் சேர்க்கும். சேஸிஸில் தனி பிராக்கெட் கொடுத்துப் பிடியுங்கள்.